எல்.ஓ.ஆர். வாங்கும் படலம்: அமெரிக்க மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

அமெரிக்காவில் எம்.எஸ். அல்லது பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கும்போது ஜி.ஆர்.ஈ., டோஃபல் தேர்வுகள், எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கை எல்லாம் நம் கையில் இருப்பவை. பணம் கட்டிப் படித்து, உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும். எல்.ஓ.ஆர். என்கிற பரிந்துரைக் கடிதம் மட்டும் இன்னொருவர் கையில் இருக்கிறது. நமக்குக் கடைசித் தேதி நெருங்கும் அதே வாரத்தில் அவர் தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் என்று தலைக்கு மேல் வேலையில் இருப்பார். ஆகவே இதை நாம்தான் முன்கூட்டியே திட்டமிட்டு நடத்திக்கொண்டு போக வேண்டும். கீழே சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கலை அறிவியல் கல்லூரிக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒரு நாவலைப் படித்துவிட்டால் நல்லது. ஜூலி ஷூமாக்கர் எழுதி 2014இல் வந்த 'டியர் கமிட்டி மெம்பர்ஸ்'. முழு நாவலும் பரிந்துரைக் கடிதங்கள்தான். எழுதுபவர் ஜேசன் ஃபிட்ஜர், அமெரிக்க மத்திய மேற்கில் பெயன் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். மாடியில் பொருளாதாரத் துறைக்கு ஜோராகக் கட்டட வேலை நடக்கிறது, கீழே இவருடைய துறை தூசியில் கிடக்கிறது. அந்தக் கடுப்பு, பழைய காதல், முன்னாள் மனைவி எல்லாவற்றையும் மாணவருக்கு எழுதும் கடிதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்ப்பார். நகைச்சுவைக்கான தர்பர் பரிசு 2015இல் இதற்குக் கிடைத்தது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் நமக்குத் தேவையான விஷயமும் உள்ளே இருக்கிறது: யாரென்றே சரியாகத் தெரியாத மாணவருக்கு, அவசரத்தில் கேட்டால், ஒரு பேராசிரியர் என்னதான் எழுதுவார்? மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. எத்தனை கடிதம், எந்த வகை என்று பட்டியல் போடுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று கடிதம் கேட்கும். சில எம்.எஸ். படிப்புகளுக்கு இரண்டு போதும், சிலவற்றுக்குத் தேவையே இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் துறைக்குத் துறை மாறும் என்பதால், பொதுவான சேர்க்கைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். துறையின் பக்கத்தில் "குறைந்தது இரண்டு கடிதமாவது பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும்" என்பது போன்ற நிபந்தனை இருக்கும். ஒரு எக்செல் தாளில் பல்கலைக்கழகம், துறை, கடிதங்களின் எண்ணிக்கை, கடைசித் தேதி, கடிதத்துக்கு மட்டும் தனித் தேதி உண்டா, கட்டணம் என்று குறித்து வையுங்கள். இந்தத் தாளைப் பின்னால் பேராசிரியருக்கும் அனுப்பப் போகிறீர்கள்.

இன்னொன்று. ஒரு கடிதத்தை ஒரு முறை போட்டால் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் போய்விடாது. பத்து இடத்துக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொரு பேராசிரியருக்கும் பத்துத் தனி மின்னஞ்சல், பத்துப் படிவம். பட்டியலை ஏழெட்டுக்குள் நிறுத்திக்கொள்ள இதுவே போதுமான காரணம்.

2. யாரைக் கேட்பது

நம் ஊரில் எல்லோரும் முதலில் ஓடுவது எச்.ஓ.டி.யிடமும் பிரின்சிபாலிடமும்தான். பதவி பெரிது, கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்ற எண்ணம். அங்கே கடிதத்தைப் படிக்கும் குழுவுக்கு நம் கல்லூரிப் பிரின்சிபால் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் யார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைப் பேராசிரியர் மோர் ஹார்ச்சல்-பால்டர், பிஎச்.டி. விண்ணப்பம் பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறார். "வகுப்பில் நன்றாகப் படித்தார்" என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்கு மதிப்பே கிடையாது என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதை இன்னொருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்வதால் என்ன லாபம்?

அதனால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இறுதியாண்டு புராஜெக்ட் கைடு. அடுத்து, ஆய்வுக் கட்டுரையிலோ இன்டர்ன்ஷிப்பிலோ உங்களோடு வேலை செய்தவர். ஐ.ஐ.டி.யிலோ ஐ.ஐ.எஸ்.சி.யிலோ கோடைக்கால இன்டர்ன்ஷிப் செய்திருந்தால் அந்தப் பேராசிரியரின் கடிதம் பொன்தான், ஆனால் அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்க வேண்டும். மூன்றாவதாக, இரண்டு பாடமாவது நடத்தி, லேபில் உங்களோடு நின்ற ஆசிரியர். அவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை.

வேலையில் இருப்பவர்கள் நேரடி மேனேஜரைக் கேட்கலாம். ஆனால் சில நிறுவனங்களில் பணிச் சான்று தவிர வேறெதையும் நிறுவன லெட்டர்ஹெட்டில் தரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். மேனேஜர் சரி என்று சொன்னாலும் எச்.ஆர். தடுக்கலாம். இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிஎச்.டி.க்கு என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத மேனேஜர் கடிதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

சொந்தக்காரர், அப்பாவின் நண்பர், தொகுதி எம்.எல்.ஏ. யாரும் வேண்டாம். இதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் நிஜமாகவே கேட்கிறார்கள்.

3. எப்போது கேட்பது

பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1க்கும் 15க்கும் நடுவில் வரும். எம்.எஸ். விண்ணப்பங்கள் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை நீளும். நம் ஊரில் செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில். அதற்கு முன் மாடல் எக்ஸாம், பிராக்டிகல், அப்புறம் திருத்தம். நடுவில் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை. மழை பிடித்துக்கொண்டால் கல்லூரிக்கே லீவு. கல்லூரியை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் அந்த மாதம் யாரையும் பிடிக்கவே முடியாது.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ, செமஸ்டர் தொடங்கிச் சற்று ஓய்வாக இருக்கும்போது வாய்மொழியாகக் கேட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசிக்குள் எல்லா ஆவணங்களும் அவர் கைக்குப் போய்விட வேண்டும். அக்டோபரில் விண்ணப்பத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டால் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்புகள் (லிங்க்) பெரும்பாலும் மின்னஞ்சலில் அவருக்குப் போய்ச் சேரும். நவம்பர் முதல் வாரத்துக்குள் பதிவேற்றம் முடிவதை இலக்காக வையுங்கள். தாளில் டிசம்பர் என்று இருந்தாலும், அதுவரை நேரம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். மாறியதும் பழைய கல்லூரி மின்னஞ்சல் முடங்கிவிடும். கல்லூரியை விட்டுக் கிளம்பும்போதே மூன்று பேரின் சொந்த எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. எப்படிக் கேட்பது

நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் "சார், எல்.ஓ.ஆர். வேணும்" என்று போடுவதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வகுப்பு முடிந்த மத்தியான நேரம், ஸ்டாஃப் ரூமில் கூட்டம் இல்லாதபோது, இப்படிக் கேட்கலாம்:

"சார், இந்த வருஷம் எம்.எஸ். அப்ளை பண்றேன். என் புராஜெக்ட்ட நீங்கதான் முழுசாப் பார்த்தீங்க. என்னைப் பத்தி ஸ்ட்ராங்கா எழுத முடியும்னு உங்களுக்குத் தோணினா மட்டும் எழுதித் தாங்க சார். இல்லைன்னாலும் பரவாயில்லை, நான் வேற ஒருத்தரைக் கேட்டுக்கறேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். மறுக்க அவருக்கு ஒரு வழி விட்டுவைக்கிறீர்கள். நம் ஊரில் நேராக மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். "பார்க்கலாம்பா", "அடுத்த வாரம் வா", "எச்.ஓ.டி.கிட்ட கேட்டியா?" என்று வரும். இரண்டு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மனமில்லாமல் எழுதிய கடிதம் வராமல் போவதே மேல். அமெரிக்கக் கடிதங்களில் புகழ்ச்சி இயல்பாகவே தூக்கலாக இருக்கும். அங்கே "நல்ல மாணவர்" என்று மட்டும் எழுதினால் "சுமார்" என்று படிப்பார்கள். "சின்சியர், பங்க்சுவல், ஒழுக்கமானவர்" என்ற நம் நன்னடத்தைச் சான்றிதழ் மொழிக்கு அங்கே பொருளே இல்லை.

சில கல்லூரிகளில் எல்.ஓ.ஆர். கேட்கத் தனிப் படிவமும், ஒருவருக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஆசிரியரிடம் போங்கள்.

5. அவர் கையில் கொடுக்க வேண்டிய கோப்பு

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரே பி.டி.எஃப். ஆகவோ ஒரே டிரைவ் ஃபோல்டராகவோ கொடுங்கள்:

- பல்கலைக்கழகப் பட்டியல், தேதி வரிசைப்படி
- மதிப்பெண் பட்டியல், அவர் நடத்திய பாடங்களில் வாங்கிய கிரேடுக்கு அடிக்கோடிட்டு
- ரெஸ்யூமே, ஒரே பக்கம்
- எஸ்.ஓ.பி. வரைவு, முழுமையாக இல்லாவிட்டாலும்
- குறிப்புத் தாள்

குறிப்புத் தாள் என்பது அவருக்கும் உங்களுக்கும் இடையே நடந்ததை அவருக்கு நினைவூட்டும் ஒரு பக்கம். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கிறவர், இரண்டு வருடம் முன்பு லேபில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எப்படி நினைவில் வைத்திருப்பார்? பெருமை பேசாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "கடினமாக உழைத்தேன், தலைமைப் பண்பு உண்டு" என்றால் அவரால் எதையும் எடுக்க முடியாது. இப்படி எழுதினால் எடுக்க முடியும்:

"ஆறாவது செமஸ்டர் மினி புராஜெக்டில் மோட்டார் டிரைவர் ஐ.சி. இரண்டு முறை எரிந்துபோனது. டேட்டாஷீட்டைப் படித்து, ஸ்டார்ட் ஆகும்போது பாயும் மின்னோட்டம் வரம்பை மீறுவதைக் கண்டுபிடித்தேன். புரோகிராமில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி மாற்றினேன். நீங்கள் அதை ஜூனியர் பேட்ச்சுக்கு டெமோ காட்டச் சொன்னீர்கள்."

இதைப் படித்ததும் அவருக்கு அந்த மதியம் ஞாபகம் வரும். அவர் சொந்தமாக இரண்டு வரி சேர்ப்பார். குழு தேடுவது அந்த இரண்டு வரியைத்தான். இப்படி நான்கைந்து நிகழ்ச்சி போதும். அரியர் இருந்தாலோ ஒரு செமஸ்டர் சரிந்திருந்தாலோ காரணத்தையும் எழுதுங்கள். நாமே விளக்கினால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும், ஆசிரியர் சொன்னால் எடுபடும்.

மூன்று பேருக்கும் ஒரே குறிப்புத் தாளைக் கொடுக்காதீர்கள். ஒருவர் ஆய்வுத் திறனைப் பற்றி, இன்னொருவர் பாட அறிவைப் பற்றி, மற்றவர் குழுவில் வேலை செய்யும் விதம் பற்றி எழுதுகிற மாதிரி பிரித்துக் கொடுங்கள்.

6. "நீயே டிராஃப்ட் எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"

இது வரும். பத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கவில்லை, ஆனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கிறது. அவர் கெட்டவர் அல்ல, நேரம் இல்லை, ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கடிதம் எழுதிப் பழக்கமும் இல்லை.

கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே சொல்கின்றன. நெறி ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறைச் சிக்கலும் உண்டு. மூன்று கடிதத்தையும் ஒரே ஆள் எழுதினால் மூன்றும் ஒரே குரலில் பேசும். வருடா வருடம் கட்டுக்கட்டாகப் படிக்கிறவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். நெட்டில் கிடைக்கும் மாதிரிக் கடிதம், சாட்ஜிபிடி கடிதம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

நான் பார்த்தவரை வேலைக்கு ஆகிற வழி ஒன்று: "சார், நான் எழுதினா மூணு லெட்டரும் ஒண்ணு மாதிரியே இருக்கும், கண்டுபிடிச்சிடுவாங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்" என்று லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுங்கள். குறிப்புத் தாள் பக்கத்தில் இருக்கட்டும். அவர் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்வார், "அந்தப் பையன் விட மாட்டான்யா, நைட் எட்டு மணிக்கும் லேப்ல இருப்பான்" என்பது போல. அந்த வாக்கியத்தின் உயிரைக் கெடுக்காமல் ஆங்கிலத்தில் போட்டு, கோப்பை அவருக்கே அனுப்பிவிடுங்கள். திருத்துவதும் பதிவேற்றுவதும் அவர்தான்.

செய்யவே கூடாதது: ஆசிரியர் பெயரில் நாமே ஒரு ஜிமெயில் தொடங்கி இணைப்பை அதற்கு வரவழைத்து நாமே போடுவது. "இதெல்லாம் சகஜம்" என்று சில கன்சல்டன்சிகளில் சொல்வார்கள். தெரியவந்தால் சேர்க்கை ரத்தாகும், படித்துக்கொண்டிருக்கும்போதுகூட. கன்சல்டன்சி பற்றி இன்னொரு வார்த்தை: சேவை இலவசம் என்றால், சில பல்கலைக்கழகங்களிலிருந்து அவர்களுக்குக் கமிஷன் வருகிறது என்று அர்த்தம். பட்டியலை அந்தப் பக்கமே சாய்ப்பார்கள்.

7. இணையப் படிவத்தில் எங்கெங்கே மாட்டிக்கொள்ளலாம்

விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவரின் பெயர், பதவி, மின்னஞ்சல் கேட்கும். கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள். ஜிமெயில் என்றால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், சில இடங்களில் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். கல்லூரி மின்னஞ்சலை அவர் திறந்து பல மாதம் ஆகியிருக்கலாம். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

சில தளங்களில் பெயரைச் சேர்த்ததுமே அவருக்கு இணைப்பு போய்விடும். சிலவற்றில் நாம் கட்டணம் கட்டி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை இழுக்கக் கூடாது. இந்த மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். அனுப்பிய அன்றே ஆசிரியருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய அமெரிக்கச் சட்டமான ஃபெர்பாவின் (1974) படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகவே டிக் போடுங்கள். பார்ப்பேன் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருக்க மாட்டார் என்று குழு நினைக்க இடமுண்டு. ஒரு முறை போட்டபின் மாற்றுவதும் கடினம்.

அவர் பக்கத்தில் கடிதத்தோடு ஒரு மதிப்பீட்டுக் கட்டமும் இருக்கும்: அறிவுத்திறன், எழுத்து, ஆய்வுத் திறன் ஒவ்வொன்றிலும் மாணவர்களில் முதல் 5 சதவீதத்துக்குள், 10 சதவீதத்துக்குள், 25 சதவீதத்துக்குள் என்று. நம் ஆசிரியர்கள் சிலர் அடக்கமாக 25ஐத் தட்டிவிடுவார்கள். இப்படி ஒரு கட்டம் வரும் என்று முன்பே சொல்லி வையுங்கள். எதைத் தட்ட வேண்டும் என்று சொல்லாதீர்கள். கடிதம் லெட்டர்ஹெட்டில், தேதி, பதவி, கையெழுத்தோடு பி.டி.எஃப். ஆக இருக்க வேண்டும். போனில் சாய்வாக எடுத்த படம், மூலையில் கட்டைவிரல், இதெல்லாம் வேண்டாம்.

8. செலவு

கடிதத்துக்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. கொடுக்கவும் கூடாது. செலவெல்லாம் சுற்றியுள்ளவற்றுக்குத்தான். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். ஸ்டான்ஃபோர்டில் 125. கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள் சிலவற்றில் வெளிநாட்டவருக்கு 150ஐயும் தாண்டும். எட்டு இடம் என்றால் சுமார் 800 டாலர், ரூபாயில் எழுபதாயிரத்தைத் தொடும். கட்டிய பணம் திரும்பி வராது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும், ஆப்பில் போய் இயக்கி வையுங்கள். கடைசி நாள் இரவில் பணம் போகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஜி.ஆர்.ஈ. மதிப்பெண்ணைத் தேர்வு நாளன்று நான்கு இடத்துக்கு இலவசமாக அனுப்பலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலருக்கு மேல் ஆகும். விண்ணப்பத்தின்போது மதிப்பெண் பட்டியலின் ஸ்கேன் பெரும்பாலும் போதும். முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் இடம் கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்கள் அதற்குக் கிண்டியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை அணுக வேண்டும்.

9. நினைவூட்டல்

கடைசித் தேதிக்கு ஒரு மாதம், இரண்டு வாரம், ஒரு வாரம் முன்பு. மூன்று முறைக்கு மேல் தொந்தரவு. ஒவ்வொரு முறையும் மீதமிருக்கும் பல்கலைக்கழகங்களின் பெயரை மட்டும் குறிப்பிட்டு, "சார், இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். விண்ணப்பத் தளத்திலேயே நினைவூட்டல் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் இணைப்பு மேலே வந்து நிற்கும்.

டிசம்பர் 15 இரவு 11:59 என்று போட்டிருந்தால் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். கிழக்குக் கரை நேரம் என்றால் நமக்கு 16ஆம் தேதி காலை 10:29. கலிபோர்னியா என்றால் மதியம் 1:29. இந்தக் கணக்கை ஆசிரியரிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அவருக்குக் கடைசித் தேதி நவம்பர் முதல் வாரம்தான். கடிதம் மட்டும் சில நாள் தாமதமாக வந்தாலும் சில துறைகள் ஏற்கும், எல்லாம் அல்ல.

ஒருவர் கடைசி வரை போடாமல் விட்டால்? பெரும்பாலான தளங்களில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகும் பரிந்துரைப்பவரை மாற்றலாம். நான்காவதாக ஒருவரிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவைத்து, கோப்பும் கொடுத்திருந்தால் அவரை உள்ளே கொண்டுவரலாம்.

10. முடிவு வந்த பிறகு

பிப்ரவரியிலிருந்து முடிவுகள் வரும். நிதியுதவியோடு கிடைத்த இடத்துக்குப் பதில் சொல்ல, பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அதற்குள் முடிவெடுக்கச் சொல்லி யாராவது நெருக்கினால், அவர்கள் அந்த ஏற்பாட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மூன்று பேருக்கும் தகவல் சொல்லுங்கள். இனிப்புப் பெட்டி கொண்டு போவதென்றால் அப்போது கொண்டு போங்கள், கடிதம் கேட்கப் போகும்போது வேண்டாம். இடம் கிடைக்காமல் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பதாக இருந்தால், பழைய கடிதம் பெரும்பாலும் தானாக அடுத்த ஆண்டுக்கு வராது. புது விண்ணப்பம், புது இணைப்பு. ஆசிரியரிடம் பழைய கோப்பை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். தேதியை மாற்றி, அந்த ஒரு வருடத்தில் நீங்கள் செய்ததைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் அவருக்கு அரை மணி நேர வேலைதான்.